மூளை ரத்தக்கசிவுக்குச் சிறு துளை போதுமா, மண்டை ஓட்டைத் திறக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. 74 வயதான உங்கள் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று தலையில் லேசான வீக்கம், அவ்வளவுதான். இப்போது வலது காலை இழுத்து நடக்கிறார், பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூக்கம். சிடி ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் 18 மி.மீ. தடிமனுக்கு ரத்தம் தேங்கியிருக்கிறது, நடுக்கோடு 8 மி.மீ. விலகியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் மரப்பு ஊசி போட்டு, சிறு துளையிட்டு, டியூப் வழியாக வடித்துவிடலாம், செலவு அதிகம் ஆகாது என்கிறார்கள். இன்னோர் இடத்தில் முழு மயக்கம் கொடுத்து மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். மலிவான வழியைத் தேர்ந்தால் அவருக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்று தவிக்கிறீர்கள். செலவு குறைந்த ஆபரேஷன் என்றால் அரைகுறை ஆபரேஷன்தானா என்பதே உங்கள் உண்மையான கேள்வி. அப்படி இல்லை. ஆனால் எந்த வகை ரத்தக்கசிவு என்று பார்க்காமல் அந்தப் பதிலை யாருக்கும் சொல்ல முடியாது. ரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது, அது ஓடக்கூடிய நிலையில் இருக்கிறதா, கட்டியாக உறைந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் துளையின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

மூளையில் ரத்தக்கசிவு என்று பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. விபத்தில் மண்டை ஓட்டுக்கும் டியூரா என்கிற தடித்த உறைக்கும் நடுவே சேர்வது எக்ஸ்ட்ராடியூரல். டியூராவுக்கு உள்ளே, மூளைக்கு மேலே சேர்வது சப்டியூரல். ரத்தக்கொதிப்பால் மூளைத் திசுவுக்குள்ளேயே ரத்தக்குழாய் வெடித்துக் கட்டியாவது ஒன்று. மூளையின் அடியில் உள்ள ரத்தக்குழாயில் புடைப்பு வெடித்துக் கசிவது இன்னொன்று. விபத்தான சில மணி நேரத்துக்குள் எக்ஸ்ட்ராடியூரலோ சப்டியூரலோ பெரிதாக இருந்தால் ரத்தம் கெட்டியாக உறைந்திருக்கும், குழாயில் வராது. அங்கே மண்டை ஓட்டைத் திறப்பதே சரி, அதுவும் உடனே. புடைப்பு வெடித்ததற்கு அந்தப் புடைப்பை கிளிப் போட்டோ, காயில் என்கிற மெல்லிய கம்பிச்சுருளை வைத்தோ அடைக்க வேண்டும். துளையிட்டு ரத்தத்தை மட்டும் உறிஞ்சுவது அங்கே ஆபத்தானது.

உங்கள் மாமனாருக்கு இருப்பதாகத் தெரிவது நாள்பட்ட சப்டியூரல், டாக்டர்கள் க்ரானிக் சப்டியூரல் என்று சொல்வது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவுக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடியே அவற்றில் ஒன்றைக் கிழிக்கப் போதும். கசிந்த ரத்தத்தைச் சுற்றி இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சவ்வு உருவாகிறது. அந்தச் சவ்வில் முளைக்கும் புதிய நுண்குழாய்கள் பலவீனமானவை, மேலும் மேலும் கசியும். உறைந்ததைக் கரைக்கும் ரசாயனங்களும் அங்கேயே சுரப்பதால் உள்ளே இருப்பது உறையாமல் திரவமாகவே நிற்கிறது. விழுந்த அன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லாமல், ஒரு மாதம் கழித்து இத்தனை தடிமனாக வருவது இப்படித்தான். புது ரத்தம் சிடியில் வெள்ளையாகத் தெரியும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் மூளையின் சாம்பல் நிறத்துக்கே வந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நடுக்கோடு நகராததால், அனுபவமில்லாத கண்ணுக்கு அந்தக் கட்டத்தில் தப்பிவிடும். மூன்று வாரத்துக்குப் பிறகு மூளையை விடக் கறுப்பாகத் தெரியும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் பிறை வடிவில் ஒரே சீரான கறுப்பு. உங்கள் ஸ்கேன் அப்படி இருந்தால் சிறு துளை வழி அவருக்குப் பொருந்தும். கறுப்புக்குள் வெள்ளைத் திட்டுகளோ, குறுக்குச் சுவர்களோ இருந்தால் கணக்கு மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். பிலிமை நேரில் பார்க்கும் டாக்டரின் வார்த்தைக்கு இது மாற்று ஆகாது.

சிறு துளையிலும் இரண்டு வகை உண்டு. பர் ஹோல் என்பது 14 மி.மீ. அளவுத் துளை, பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில், ஒன்றோ இரண்டோ போடுவார்கள். ட்விஸ்ட் டிரில் என்பது அதைவிடச் சிறியது, சுமார் 5 மி.மீ. கட்டிலிலேயே, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்யலாம். தேவைப்படும் கருவிகளும் குறைவு: கையால் சுற்றும் டிரில், ஆழத்தைக் கட்டுப்படுத்தும் நிறுத்தி, மெல்லிய குழாய், மூடிய பை. டிரிலை ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கருவியில் போட்டுக் கிருமி நீக்கி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். குழாய்க்கு நம்மூரில் பல இடங்களில் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் 8 அல்லது 10 நம்பர் இன்ஃபேன்ட் ஃபீடிங் டியூபையே வைக்கிறார்கள். அது தரக்குறைவு அல்ல. மென்மையானது, பக்கத்துளைகள் உண்டு, வேலையைச் செய்யும்.

செய்முறை இப்படிப் போகும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பி வைப்பார்கள். ரத்தம் மிகத் தடிமனாக இருக்கும் இடத்தை ஸ்கேனில் அளந்து தலையில் குறிப்பார்கள். முடியை அந்த இடத்தில் மட்டும் மழித்தால் போதும். போவிடோன் அயோடின் தடவி, அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை எலும்பின் மேல் உறை வரை இறங்கும்படி போட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். தோலில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கீறல். டிரிலை எலும்புக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்வாகப் பிடிப்பது முக்கியம். அப்போதுதான் உள்ளே போகும் குழாய் மூளையைக் குத்தாமல், ஓட்டின் உட்புறத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். எலும்பின் வெளித்தகடு கடினம், நடுவில் மிருது, உள்தகடு மீண்டும் கடினம். உள்தகடு விடும் அந்த நொடியில் கை தானாக முன்னே பாயப் பார்க்கும், நிறுத்தி இருப்பது அதற்காகத்தான். பிறகு டியூராவைக் கூர்மையான ஊசியால் துளைத்ததும் பழைய என்ஜின் ஆயில் போலக் கருமையான திரவம் அழுத்தத்தோடு பீறிட்டு வரும். அதை ஒரேயடியாக வெளியே விடக் கூடாது. குழாயைச் செலுத்தி, தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டர் ஓடவிட்டு வேறோர் இடத்தில் வெளியே எடுத்துத் தைப்பார்கள். கிருமி நேராக உள்ளே இறங்காமல் இருக்க அது உதவும். பையைத் தலை மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு, தன் போக்கில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் வடியவிடுவார்கள். பிறகு மறு ஸ்கேன், குழாய் அகற்றல். பேச்சு தெளிவதும் கால் திரும்புவதும் பெரும்பாலும் இந்த இரண்டு நாளிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, குழாய் வைப்பதன் பலன். பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் நடந்து 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பர் ஹோல் போட்ட 215 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதத்தினருக்குத்தான் மறுபடி தேங்கி ஆபரேஷன் தேவைப்பட்டது. வைக்காதவர்களில் 24 சதவீதம். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் குழாய் வைத்தவர்களில் 8.6 சதவீதம், வைக்காதவர்களில் 18.1 சதவீதம். இத்தனை மலிவான ஒரு பொருள் இத்தனை வித்தியாசம் செய்வது நரம்பியல் அறுவை சிகிச்சையில் அரிது. ஆகவே எந்த ஆஸ்பத்திரி ஆனாலும் "குழாய் வைப்பீர்களா, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். மண்டை ஓட்டைப் பெரிதாகத் திறப்பது சாதாரண நாள்பட்ட சப்டியூரலுக்கு முதல் தேர்வு இல்லை என்பதும் ஏறத்தாழ எல்லோரும் ஏற்றுக்கொண்டதே. முழு மயக்கமும் நீண்ட ஆபரேஷனும் 74 வயது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் சுமை.

ட்விஸ்ட் டிரிலா, பர் ஹோலா என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. இறப்பு விகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடி தேங்குவது ட்விஸ்ட் டிரிலில் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த சில தொகுப்புகளும், சமம்தான் என்று வேறு சிலவும் சொல்கின்றன. ஒரு காரணம் ஊகிக்கலாம்: பெரிய துளையில் உப்புநீர் விட்டுக் கழுவ முடியும், சிறியதில் பொதுவாகக் கழுவுவதில்லை. பின்லாந்தில் 589 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், பர் ஹோலில் கழுவியவர்களில் 12.6 சதவீதத்தினருக்கும் கழுவாமல் விட்டவர்களில் 18.3 சதவீதத்தினருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. என் கருத்து, தியேட்டர் கிடைக்கிறது, நோயாளி தாங்குவார் என்றால் பர் ஹோலும் குழாயும். இதயம் பலவீனம், நினைவு வேகமாகக் குறைகிறது, தியேட்டருக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் கட்டிலிலேயே ட்விஸ்ட் டிரில். இரண்டுமே மலிவுதான், இரண்டுமே முறையான சிகிச்சைதான்.

தவறு எங்கெல்லாம் நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரில் வழுக்கிப் பாய்ந்து மூளையைக் காயப்படுத்தலாம். தேக்கம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் துளையிட்டால் குழாய் மூளைக்குள் போகலாம். 10 மி.மீ.க்குக் குறைவான தடிமனில் இந்தத் துளையைத் தவிர்ப்பது அதனால்தான், உங்கள் மாமனாரின் 18 மி.மீ. போதுமான இடம் தருகிறது. வேகமாக வடித்தால் நசுங்கியிருந்த மூளை சட்டென்று விரிந்து புதிய ரத்தக்கசிவு ஏற்படலாம். காற்று உள்ளே போய்த் தங்கினால் அது தனி அழுத்தம். வலிப்பு வரலாம், கிருமித் தொற்று வரலாம். குழாய் கட்டித் துணுக்கால் அடைபடுவது சர்வசாதாரணம். வார்டில் நடக்கும் தவறுகள் இன்னும் எளிமையானவை. நோயாளியைத் தள்ளுவண்டியில் ஸ்கேனுக்குக் கொண்டு போகும்போது யாரோ பையை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்துவிடுவார்கள், வடிந்த திரவம் மூளைக்கே திரும்பிப் போகும். தூக்கும் முன் குழாயில் உள்ள கிளாம்பைப் பூட்ட வேண்டும், இறக்கிய பின் மறக்காமல் திறக்க வேண்டும். குழம்பிய நிலையில் உள்ள முதியவர் குழாயைப் பிடுங்கிவிடுவதும் உண்டு, இரவில் கூட இருக்கும் உறவினருக்கு இதுதான் முதல் வேலை. பைக்கு வரும் நிறத்தைக் கவனியுங்கள். கருமை மெல்லத் தெளிந்து மஞ்சளாவது நல்லது. திடீரென்று பளிச்சென்ற சிவப்பு வந்தாலோ, தண்ணீர் போலத் தெளிவாக நிறைய வந்தாலோ நர்ஸை உடனே கூப்பிடுங்கள்.

இப்போது அந்த வெள்ளைத் திட்டுகளுக்கு வருகிறேன். பழைய திரவத்துக்குள் புது ரத்தம் உறைந்திருந்தால், அல்லது சவ்வுகள் உள்ளே பல அறைகளாகப் பிரித்திருந்தால், ஒரு துளையில் ஓர் அறைதான் காலியாகும். அப்போது இரண்டு பர் ஹோல், இல்லையென்றால் சிறிய அளவில் ஓட்டைத் திறந்து சவ்வை விலக்குவது நியாயம். மண்டையைத் திறக்க வேண்டும் என்று சொன்ன டாக்டர் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கலாம். "உள்ளே கட்டியோ தடுப்போ இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். காரணம் சொன்னால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியைக் குறை சொல்வது மட்டுமே பதிலாக வந்தால் இன்னொரு நியூரோ சர்ஜனிடம் பிலிமைக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு விஷயத்தை மறைக்கவே கூடாது, அது ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. வார்ஃபரின், அசிட்ரோம் வகை சாப்பிடுபவருக்கு ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவைப் பார்த்து, வைட்டமின் கே ஊசியும் பிளாஸ்மாவோ உறைகாரணித் தொகுப்போ கொடுத்து 1.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வைட்டமின் கே மட்டும் போட்டால் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் நிறுத்தினாலும் பலன் மறைய ஐந்திலிருந்து ஏழு நாள் பிடிக்கும். அவ்வளவு நாள் காத்திருக்கலாமா என்பது நோயாளியின் நினைவு நிலையைப் பொறுத்தது. மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துப் போங்கள். துளை சிறியது என்பதால் இந்தச் சோதனையைத் தளர்த்த முடியாது. சொல்லப் போனால் சிறு துளையில் உள்ளே ரத்தம் கசிந்தால் கண்ணால் பார்த்து நிறுத்த வழியே இல்லை.

மாத்திரையிலேயே கரைக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டை பிரிட்டனில் 748 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். மறு ஆபரேஷன் குறைந்தது, ஆனால் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களில்தான் குறைவு. ஆகவே மருந்துக்கடையில் டெக்ஸோனா என்று விற்கும் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். அட்டர்வாஸ்டாட்டின் என்கிற கொழுப்பு மாத்திரைக்குச் சீனாவிலிருந்து நம்பிக்கை தரும் ஆய்வு உண்டு. அது அறிகுறி குறைவாக இருப்பவர்களுக்கு, கால் இழுக்கிறவருக்கு அல்ல. தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் கத்தீட்டர் விட்டு டியூராவுக்குப் போகும் நடு மெனிஞ்சியல் தமனியை அடைப்பது புதிய முறை. 2024-இல் அமெரிக்காவில் வந்த எம்போலைஸ் ஆய்வில், ஆபரேஷனோடு இதையும் செய்தவர்களுக்கு மறு ஆபரேஷன் 11.3-லிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது கேத் லேப், அதாவது எக்ஸ்ரே பார்த்தபடி ரத்தக்குழாய்க்குள் கத்தீட்டர் விடும் அறை, தேவைப்படும், விலை கூடிய சிகிச்சை. முதல் தடவையே எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதே நம்பிக்கையோடு ரத்தக்கொதிப்பால் மூளைக்குள் வெடித்த ரத்தக்கட்டியைப் பற்றிப் பேச முடியாது. உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும், "துளை போட்டு எடுத்தார்கள்" என்று அக்கம்பக்கத்தில் கேட்டு ஒப்பிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். அந்தக் கட்டி பெரும்பாலும் திரவம் அல்ல. 2005-இல் வந்த ஸ்டிச் ஆய்வில் 1033 பேரிடம் பார்த்ததில், சீக்கிரமாக ஆபரேஷன் செய்ததால், பொதுவாக எடுத்துக்கொண்டால், நன்மை கிடைக்கவில்லை. கட்டியை அடைய நல்ல மூளையைக் கடந்து போக வேண்டியிருப்பது ஒரு காரணம். அதனால் மெல்லிய வழியைத் தேடினார்கள். சீனாவில் 1990-களிலிருந்து ஒய்எல்-1 என்ற 3 மி.மீ. ஊசி பரவலாகப் பயன்படுகிறது. டிரிலும் ஊசியும் ஒன்றே, எலும்பிலேயே திருகாக நின்றுகொள்ளும். தலையில் ஈசிஜி பட்டையை ஒட்டி ஸ்கேன் எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து உயரம், தூரம், ஆழம் மூன்றையும் அளந்து குறி வைத்தால் விலையுயர்ந்த நேவிகேஷன் கருவி இல்லாமலேயே இலக்கை அடையலாம். திரவமாக இருக்கும் பகுதியைச் சிறிய சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி, மீதிக்கட்டியைக் கரைக்க யூரோகைனேஸ் விட்டு, சில மணி நேரம் பூட்டி வைத்துத் திறப்பார்கள். ஒரே மூச்சில் முழுவதையும் இழுப்பது பெருந்தவறு, அடங்கிய ரத்தக்குழாய் மீண்டும் வெடிக்கும். நோய் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்த ஓர் ஆய்வை மறு ரத்தக்கசிவால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆறு மணி நேரமாவது பொறுத்து, கட்டி வளரவில்லை என்று மறு ஸ்கேனில் பார்த்த பிறகே குழாய் வைப்பது வழக்கம். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் சிடி எடுத்துப் புடைப்போ பின்னிய ரத்தக்குழாய்களோ இல்லை என்று உறுதி செய்வதும் கட்டாயம்.

பலன்? மிஸ்டி-3 என்ற ஆய்வில், 30 மி.லி.க்கு மேல் கட்டி உள்ள சுமார் 500 பேரில் பாதிப் பேருக்குக் குழாய் வைத்து எட்டு மணிக்கு ஒருமுறை கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தை 1 மி.கி. விட்டார்கள். ஓராண்டில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 45 சதவீதம், வெறும் மருந்துச் சிகிச்சையில் 41. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். கட்டி 15 மி.லி.க்குக் கீழே குறைந்தவர்களுக்கு மட்டும் நன்மை தெரிந்தது. 2024-இல் வந்த என்ரிச் ஆய்வில் மெல்லிய உருளை வழியாக 24 மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தார்கள். 30 நாளில் இறப்பு 18-லிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தது, வாழ்க்கை நிலையும் மேம்பட்டது. ஆனால் அந்தப் பலன் மூளையின் மேற்பகுதிக் கட்டிகளில் வந்தது. ஆழத்தில் உள்ள கட்டிகளுக்குப் பலன் தெரியாததால் அத்தகைய நோயாளிகளைச் சேர்ப்பதை நடுவில் நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் ரத்தக்கொதிப்பால் வருபவை பெரும்பாலும் ஆழத்தில்தான். உருளைக்குப் பதில் சிரிஞ்சின் குழலை வெட்டிப் பயன்படுத்தும் கைத்திறன் பல இடங்களில் இருக்கிறது, செலவைக் குறைக்கும். யாருக்குச் செய்வது என்ற தேர்வு தவறினால் அந்தத் திறமையால் பயனில்லை. சிறுமூளையில் பெரிய கட்டி என்றால் ஊசியெல்லாம் வேண்டாம், பின்னந்தலையைத் திறந்து உடனே எடுப்பதுதான் உயிர் காக்கும்.

அந்த நோயில் மிக மலிவாக உயிர் காப்பது ஆபரேஷனே அல்ல. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான இன்டராக்ட்-3 என்ற ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் மேல் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, வார்ஃபரினை முறிப்பது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தாலே நல்ல நிலைக்குத் திரும்புவோர் கூடுகிறார்கள் என்று காட்டியது. இவை எந்த மாவட்ட ஆஸ்பத்திரியிலும் முடியும்.

செலவு விஷயத்துக்கு வருவோம். சிறு துளையில் மிச்சமாவது மயக்க மருந்து, தியேட்டர் நேரம், ஐசியு நாட்கள். மறு ஸ்கேன், நர்ஸ் கவனிப்பு, பிசியோதெரபி ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் அன்றாடம் நடப்பது, அங்கே செய்துகொள்ளத் தயங்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரிலும் கேளுங்கள், முன் அனுமதி வாங்குவது காப்பீட்டுப் பிரிவின் வேலை. இன்னுயிர் காப்போம் திட்டம் சாலை விபத்துக்குத்தான், பாத்ரூமில் விழுந்ததற்குப் பொருந்தாது.

அவர் பகலெல்லாம் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலை தருவது அதுதான். கூப்பிட்டால் விழிக்காத நிலை, வாந்தி, ஒரு கண்மணி பெரிதாவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் எந்த ஆஸ்பத்திரி என்ற ஆலோசனையை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அவை இல்லாவிட்டாலும் 8 மி.மீ. விலகல் நாளை மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் அளவல்ல, இன்றே அட்மிட் செய்யுங்கள். ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகு முதல் இரண்டு மூன்று மாதம் மறுபடி தேங்கும் காலம். தலைவலி திரும்பினாலோ, நடை மீண்டும் தடுமாறினாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திராமல் ஸ்கேன் எடுங்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நியூரோ சர்ஜனும் இதய டாக்டரும் சேர்ந்து சொல்லி, டிஸ்சார்ஜ் தாளில் தேதியோடு எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.